பெருக்கல் குறி போட்ட இடம்

வா தாயி, உக்காரு. மனுதான? எழுதிரலாம். அந்த ஸ்டூலுக்கு ஒரு காலு குட்டை, மரத்தோட சாச்சுப் போட்டுக்கோ, கையில வேற பிள்ளையை வச்சிருக்க. முப்பத்தோரு வருசமா இந்தப் புங்கமரத்தடிதான் எனக்கு ஆபீசு. எதுத்தாப்புல தாலுகா ஆபீசுல எத்தனையோ தாசில்தார் வந்தாக, போனாக. நான் இங்கயேதான் கிடக்கேன்.

உன்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. சரி விடு, இங்க வராத சனம் யாரு இருக்கா. ஒரு நாளைக்கு நாப்பது மூஞ்சியைப் பாக்கேன், எதைன்னு ஞாபகம் வைக்க?

பையனா? ஏயப்பா, என்ன முழி முழிக்கான்! இடுப்புல வெள்ளி அரைஞாண், அதுல மணி வேற. புதுசுல்ல? தொட்டாலே தெரியுதே, இன்னும் கருக்கல பாரு. தாய்மாமன் சீரா? அண்ணனா தம்பியா? அண்ணனா. இந்தக் காலத்துல தங்கச்சி பிள்ளைக்கு இம்புட்டு கனத்துல யாரு போடுதா? குடுத்து வச்சவதான் நீ.

இரு, பேப்பரை எடுத்துக்கிடுதேன். எங்கிட்ட ஒரு பழக்கம். எழுதி முடிச்ச உடனே கீழ, கையெழுத்துப் போடுற இடத்துல, பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டுருவேன். கை தானாப் போட்டுரும். 'இந்தப் பெருக்கல் குறி போட்ட இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க'ன்னு நீட்டுவேன். அது இல்லன்னா நம்ம சனம் ஸ்டாம்பு மேல போடும், பேப்பருக்குப் பின்னால போடும். அதுலயும் எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே கேள்வி கேப்பாக பாரு, 'முழுப் பேரும் போடணுமா அண்ணாச்சி, இனிஷியல் போதுமா'ன்னு. எனக்குச் சுர்ருன்னு வரும். சொந்தப் பேரை எழுத என்னய்யா இம்புட்டு யோசனைன்னு கேட்டுருவேன்.

சரி, யாருக்கு எழுதணும்? என்னது? நீலக்கொடி முதலாளிக்கா?

மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு. அந்தா ஜெராக்ஸ் கடையில நிக்கான் பாரு கனிராஜ், அவன் உடம்பு அங்க, காது இங்க. கொஞ்சம் ஸ்டூலை இப்படித் திருப்பிப் போடு. ம்.

நீலக்கொடி தீப்பெட்டிக் கம்பெனி அய்யாத்துரை முதலாளிக்குத்தான? என்ன சமாச்சாரம்? வீட்டுக்காரரை வேலையை விட்டு நிப்பாட்டிட்டாகளா? நெனச்சேன். அந்தக் கம்பெனிப் பேரைச் சொன்ன உடனே நெனச்சேன். எந்த செக்சன், பாக்கிங்கா? குச்சி அடுக்குறதா? சரி சரி, அதை அப்புறம் சொல்லு. மொதல்ல அந்தக் கம்பெனியைப் பத்தி நீ தெரிஞ்சுக்கிடணும். எழுதுறவனுக்கு எதிராளி யாருன்னு தெரிஞ்சாத்தான் மனு நிக்கும். அவுகளைப் பத்தி இந்த ஊர்ல என்னைவிடத் தெரிஞ்ச ஆளு கிடையாது.

எப்படின்னு கேளு. நான் அந்தக் கம்பெனியில ஒரு நாளு வேலை பாத்ததில்ல. ஆனா அவுக ஹாக்கி டீம் இருக்குல்ல, நீலக்கொடி டீம், அது ஆடுன ஒரு மேட்சைக்கூட நான் விட்டதில்ல. பதினெட்டு வருசம். கோவில்பட்டியில பிறந்துட்டு ஹாக்கி பாக்காம இருக்க முடியுமா? மத்த ஊர்ல பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் வாங்கிக் குடுப்பாக, இங்க வளைஞ்ச கம்பைக் குடுப்பாக. என் சம்சாரம் கேப்பா, 'உமக்குக் கழுத்தை நீட்டுனது நானா, அந்த டீமா'ன்னு. என் மக நிச்சயதார்த்தம் அன்னைக்கு நான் கிரவுண்டுலதான் இருந்தேன், செமி பைனலு. அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுதா. எனக்கு அந்த நீலச் சட்டையைப் பாத்தா நெஞ்சு அடைக்கும் தாயி, பொய் சொல்லல.

அப்பேர்ப்பட்ட டீமை இந்த மனுசன் என்ன பாடு படுத்துதாரு தெரியுமா? ஒரே சீசன். ஆடி மாசத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் மூணு கோச். மூணு பேரு! வாறதும் தெரியல போறதும் தெரியல. டர்ஃப் கிரவுண்டுல பயலுக புது கோச்சோட விசில் சத்தத்துக்குப் பழகுறதுக்குள்ள அவரு பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருதாரு. காரணம் என்னன்னு கேட்டா ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். 'நிர்வாகத்தின் முடிவு'ன்னு ஒரு தாளு ஒட்டுவாக கேட்டுல. அந்தத் தாளை நான் எத்தனை தடவை நின்னு படிச்சிருக்கேன். நிர்வாகம்னா யாரு? முதலாளியும், அவரு மருமகன் மேனேஜரும். ரெண்டே பேரு. இவுக ரெண்டு பேருக்கும் பெனால்டி கார்னருக்கும் கார்னர் கிக்குக்கும் வித்தியாசம் தெரியாது.

மொதல்ல ஜெபமணி கோச். வயசானவரு, தங்கமான மனுசன், ஆனா கொஞ்சம் முரடு. காலையில அஞ்சரைக்கே பயலுகளைக் குளத்து மணல்ல ஓட விடுவாரு. பயலுகளுக்கு நாக்குத் தள்ளும். எனக்குப் பொறுக்கல. நம்ம டீமு பயலுகல்லா? இப்படி ஓட விட்டா கணுக்கால் என்னத்துக்கு ஆகும்? அதனால முதலாளிக்கு ஒரு தகவல் எழுதுனேன்.

என்ன பாக்க? மொட்டைக் கடுதாசியா? சே சே. மொட்டைக் கடுதாசிங்கறது கெட்ட எண்ணத்துல எழுதுறது. இது தகவல் கடுதாசி. பேரு போடல, அம்புட்டுத்தான். பேரு போட்டா என்ன ஆகும்? நான் நாலு பேருக்கு மனு எழுதிப் பிழைக்கறவன். இவன் மொட்டைக் கடுதாசி எழுதுறவன்னு ஒரு பேச்சுக் கிளம்பிச்சுன்னா எவன் வந்து இந்த ஸ்டூல்ல உக்காருவான்? உங்கிட்ட ஏன் சொல்லுதேன்னா நீ வெளியூரு மாதிரித் தெரியுத. பேச்சுலயே விருதுநகர்ப் பக்கம் அடிக்கி. இந்த ஊர்க்காரக கிட்ட மூச்சு விடமாட்டேன். எழுத்தைக்கூட இடது பக்கமாச் சாச்சுத்தான் எழுதுவேன். இந்தத் தபால் பெட்டியில போடமாட்டேன், ஸ்டேசன் பக்கம் இருக்குற பெட்டிக்குப் போவேன், அதுவும் உச்சி வெயில்ல, ஆளு நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து.

என்ன எழுதுனேன்? 'பயிற்சியாளர் விளையாட்டு வீரர்களை மாடு போல் நடத்துகிறார், ஐயா அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுமாய்ப் பணிந்து கேட்டுக் கொள்கிறேன்'. கூப்பிட்டுக் கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்னுதான் அர்த்தம். யாருக்கும் புரியும். ஆனா முதலாளி எங்க அதையெல்லாம் படிக்கப் போறாரு! குப்பையில போட்டிருப்பாரு. ஏன்னா பாரு, அடுத்த பன்னெண்டாம் நாளு, ஒரு காரணமும் இல்லாம, ஜெபமணியைத் தூக்கிட்டாரு. வேலையை விட்டே! எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

ஏன் தூக்குனாரு? நான் யோசிச்சேன். நான் எதையும் சும்மா விடமாட்டேன். ஜெபமணியை நிப்பாட்டுன மறுநாளு மேனேஜரு திருச்செந்தூர் போய் மொட்டை போட்டுட்டு வாராரு. எதுக்கு? என்ன வேண்டுதல்? யாரை விரட்டணும்னு வேண்டிக்கிட்டாரு? இதெல்லாம் மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது தாயி. எனக்குத் தெரியும்.

ஜெபமணியைப் போன மாசம் எட்டயபுரத்துல பாத்தேன். ஒரு ஸ்கூல் கேட்டுல வாட்ச்மேனா உக்காந்திருக்காரு. அவரு பழக்குன பயலுக ரெண்டு பேரு தமிழ்நாடு டீமுல ஆடுதானுக, இவரு கேட்டைத் திறந்து விட்டுக்கிட்டு இருக்காரு. ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். 'நான் என்ன தப்பு செஞ்சேன்னு இன்னும் எனக்குத் தெரியல செண்பகராஜூ'ன்னாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. நான் அழுதுட்டேன் தாயி. அந்த முதலாளி நல்லா இருப்பானான்னு அந்த டீக்கடையிலயே சத்தம் போட்டேன்.

ரெண்டாவது சற்குணம் கோச். சின்ன வயசு. நல்லாச் சொல்லிக் குடுப்பாரு, ஆனா எந்நேரமும் போனு. பயலுக ஓடிக்கிட்டு இருப்பானுக, இவரு ஓரமாப் போய் வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுவாரு. யாருகிட்டப் பேசுதாரு? வாயை ஏன் பொத்தணும்? நான் ஒரு தகவல் எழுதுனேன், இதை என்னன்னு விசாரிங்கன்னு. அம்புட்டுத்தான், விசாரிங்கன்னுதான் எழுதுனேன். அதையும் யாரு படிச்சா? பத்தொம்பதாம் நாளு அவரையும் அனுப்பிட்டாக. அப்புறம் கேள்விப்பட்டேன், அவரு அம்மா மதுரையில ஆஸ்பத்திரியில கிடந்தாகளாம், டாக்டரு கிட்டத்தான் பேசிக்கிட்டு இருந்தாராம். பாவம். ஆனா அதை வாயைத் திறந்து பேசுனா யாருக்குத் தெரியப் போவுது?

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இது முதலாளியோ மேனேஜரோ தன்னால செய்யறது இல்ல. யாரோ சொல்லிக் குடுக்கான். கேலரியில உக்காந்து மேட்ச் பாக்குறவன்ல ஒரு கருங்காலி இருக்கான். கோச் என்ன செய்யுதாரு, எங்க போறாரு, எல்லாத்தையும் பாத்துப் பாத்து முதலாளி காதுல ஊதுதான். இல்லன்னா ஏ.சி. ரூமுல இருக்குற மனுசனுக்கு கிரவுண்டு சங்கதி எப்படித் தெரியும்? நீயே சொல்லு.

அவனைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு! மூணாவது படியில ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு குடையோட உக்காருவாரு. சந்தேகமா இருந்துச்சு. ஒரு நாளு பூரா மேட்சைப் பாக்கல, அவரையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு நம்மாளுக நாலு கோல் போட்டாகளாம். நான் ஒண்ணுகூடப் பாக்கல. வாத்தியாரு என்னடான்னா கடைசி கால் மணி நேரம் தூங்கிட்டாரு. அப்புறம் இந்தக் கனிராஜ் மேல சந்தேகம். இவன் கடைக்குத்தான் கம்பெனி பேப்பரெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க வருது. ஒண்ணும் சிக்கல. அந்தக் கருங்காலி மட்டும் என் கையில கிடைச்சான்னு வச்சுக்கோ, கேலரியில இருந்து அப்படியே கழுத்தைப் பிடிச்சு இறக்குவேன். என் டீமைக் கெடுத்த பாவி.

பிள்ளை சிணுங்குதானே. பசிக்கோ? இந்தா, இந்தப் பென்சிலைக் குடு, பிடிச்சுக்கிடட்டும். சத்தம் கேக்குது பாரு, மணி.

சொல்லி முடிச்சிருதேன், இருக்குறதுலயே பெரிய சங்கதி இதுதான். மூணாவதா வந்தாரு கதிரேசன் கோச். மனுசன் அதிர்ந்து பேசமாட்டாரு. விசில்கூட மெதுவாத்தான் ஊதுவாரு. ஆனா அவரு வந்த பிறகு டீமு ஆடுச்சே ஒரு ஆட்டம்! பந்து கம்புல ஒட்டிக்கிட்டுல்லா போச்சு. ஏழு மேட்ச், ஏழும் ஜெயிச்சோம். சென்டர் பார்வர்டு மாடசாமி, ஒண்ணுக்கும் உதவாமக் கிடந்த பய, பதினோரு கோலு. பதினெட்டு வருசத்துல நான் இப்படிப் பாக்கல. முழங்கால் வலியோட கேலரியில எந்திரிச்சு நின்னு ஆடுனேன். இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான்னு அடிச்சுச் சொன்னேன். அப்படியெல்லாம் நல்லாப் போகுதுன்னா, எனக்கு ஒரு பயம் வரும். எங்கயோ இடிக்கே, எங்கயோ இடிக்கேன்னு.

இடிச்சுச்சு. ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை, கதிரேசன் கோச் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போறாரு. சும்மா இல்ல, நின்னு நின்னு, யாரையோ தேடிக்கிட்டுப் போறாரு. நானும் பின்னாலயே போனேன். பழக்கடை மறைவுல நின்னேன். யாரு வந்து இறங்குதான்னு நெனைக்க? விருதுநகர் டீமு கோச்! சனிக்கிழமை நமக்கும் அவுகளுக்கும் மேட்சு. ரெண்டே நாளு. இவரு போய் அவரு கையைப் பிடிக்காரு. அவரு பையில கையை விட்டு ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்து இவரு கையில வைக்காரு. நகைக்கடைப் பெட்டி! வெல்வெட்டு. இவரு திறந்து பாக்காரு. கண்ணு கலங்கிருச்சு இவருக்கு. அப்படியே சட்டைக்குள்ள வச்சுக்கிட்டாரு. விருதுநகர்க்காரரு அடுத்த பஸ்ஸுலயே திரும்பிட்டாரு, ஒரு டீகூடக் குடிக்கல.

சனிக்கிழமை என்ன நடந்துச்சு? ஒண்ணுக்கு ஒண்ணுன்னு நிக்கி. கடைசி பத்து நிமிசம். மாடசாமியை வெளிய எடுக்காரு! பதினோரு கோல் போட்டவனை! தொடையைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டித்தான் வந்தான், ஆனா அது நடிப்பா நெசமா யாரு கண்டா? ரெண்டு ஒண்ணுன்னு தோத்தோம். எனக்குத் தெரிஞ்சு போச்சு, ஆளு விலை போயிட்டாருன்னு. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போகல. நேரா இங்க வந்து, இதே டேபிள்ல உக்காந்து, எழுதுனேன். அம்புட்டுக் கோவம். எழுதுன கையோட போய்ப் போட்டுட்டேன்.

இந்தத் தடவை கண்டிச்சு வைங்கன்னு எழுதல. அது நெசம். ஆனா பாரு, நான் எழுதுனது யாரு கண்ணுல பட்டுச்சு? இந்தத் திங்கக்கிழமை கதிரேசனையும் நிப்பாட்டிட்டாக. வாற ஞாயித்துக்கிழமை பைனலு, அதே விருதுநகரோட! அம்புட்டு ஜெயிச்சதால நம்மாளுக பைனலுக்கு வந்துட்டாகல்லா. பைனலுக்கு ஆறு நாளைக்கு முந்தி எவனாவது கோச்சை நிப்பாட்டுவானா? பெட்டி வாங்குனவன்னே வச்சுக்கோ, விசாரிச்சு, பைனல் முடிஞ்சு நிப்பாட்ட வேண்டியதுதானே? பயலுக நேத்து டர்ஃப்ல சும்மா உக்காந்திருக்கானுக. மாடசாமி தொடையில கட்டுப் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கான். அந்தக் கருங்காலி இப்பச் சிரிச்சுக்கிட்டு இருப்பான் எங்கயோ.

சரி. இதெல்லாம் எதுக்குச் சொன்னேன்னா, உன் மனுவை அழுத்தமா எழுதணும். அந்த முதலாளிக்குக் காது மந்தம், கண்ணும் மந்தம். இப்பச் சொல்லு. வீட்டுக்காரர் பேரு? என்ன வேலை?

...

என்ன?

இன்னொரு தடவை சொல்லு.

கதிரேசனா? எந்தக் கதிரேசன்? நம்ம... இல்ல, இந்த ஊர்ல எத்தனையோ கதிரேசன் இருக்கான். கோச்சா?

நீ... நீங்க அவுக வீட்டுக்காரியா? அப்ப இம்புட்டு நேரம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? நான் பாட்டுக்கு உளறிக்கிட்டு இருக்கேன், நீங்க பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்து கேக்குறீக. யாரு அனுப்புனா உங்களை? மேனேஜரா? கனிராஜா? எனக்குத் தெரியும், அவன் காலையில இருந்து இங்கயேதான் பாத்துக்கிட்டு இருந்தான்.

அது என்ன தாளு? குடுங்க பாப்போம். இது... இது எங்க கிடைச்சது உங்களுக்கு? வேலையை விட்டு நிப்பாட்டுன ஆர்டரோட சேத்து வச்சிருந்தாகளா?

முதலாளி குடுத்தாரா? முதலாளி இதைப் படிச்சாரா? ஏ, சிவப்புப் பேனாவுல அடிக்கோடு போட்டிருக்கே! 'நகைப் பெட்டி'க்குக் கீழ ரெண்டு கோடு. 'பணிந்து தெரிவித்துக் கொள்வது யாதெனில்'... ஓரத்துல 'மிக அவசரம்'னு அவரு கையால எழுதியிருக்காரு. அப்ப, குப்பையில போடல. படிச்சிருக்காரு. ஒரு வரி விடாமப் படிச்சிருக்காரு தாயி! முப்பத்தோரு வருசத்துல என் எழுத்தை ஒரு மனுசன் இப்படி...

ஃபைலா? என்ன ஃபைலு?

எல்லாக் கடுதாசியும் ஒரே ஃபைல்ல இருக்கா. உங்க வீட்டுக்காரர் கண்ணால பாத்தாரா? மணல்ல ஓட விட்டதா எழுதுனதும்? அதுலயும் அடிக்கோடு இருக்கா? போன் சங்கதியுமா?

அப்ப ஜெபமணியை...

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

எட்டயபுரத்துல அவரு என் கையைத்தான் பிடிச்சாரு. இந்தக் கையை.

இல்ல. இது யாரு எழுதுனதுன்னு எப்படிச் சொல்லுதீக? இது இடது பக்கம் சாஞ்ச எழுத்து. என் எழுத்து நேரா நிக்கும், ஊருக்கே தெரியும். நான் ஏதோ தகவல் எழுதுனேன்னு சொன்னேன், இதையா சொன்னேன்? அது வேற, இது வேற. இது வேற யாரோ...

இது என்ன இன்னொரு தாளு? ரேஷன் கார்டுல பிள்ளை பேரு சேக்குற மனு. ஜெராக்ஸ். இது நான் எழுதுனதுதான். 'இசக்கிரேவதி, கணவர் பெயர் கதிரேசன்'. ஓ, போன மாசம் வந்தீகளா? இந்த ஸ்டூல்லயா உக்காந்தீக? பாத்த மாதிரி இருக்குன்னு சொன்னேன்ல. சரி, இதுக்கும் அதுக்கும் என்ன?

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணுமா? வச்சாச்சு. அடியில பாக்கணுமா?

...

பெருக்கல் குறி.

மொட்டைக் கடுதாசியில கையெழுத்துக்கு இடம் விட்டு, பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருக்கேன். இந்த உலகத்துல எவனாவது... நான் எழுத்தைச் சாச்சேன், பெட்டியை மாத்துனேன், வெயில்ல நடந்தேன். கை தானாப் போட்டுருச்சு தாயி. முப்பத்தோரு வருசப் பழக்கம்.

சிவப்புப் பெட்டியைக் கொண்டு வந்திருக்கீகளா? வேண்டாம், திறக்காதீக. எனக்குப் புரிஞ்சிருச்சு. பிள்ளைக்குப் பேரு வச்ச அன்னைக்கு உங்க அண்ணனால வர முடியலயா, டீமோட கேம்ப்ல இருந்தாராக்கும்? அதான் பஸ் ஸ்டாண்டுல வச்சுக் குடுத்தாரா? டீ குடிக்கக்கூட நிக்காம, மேட்சுக்கு முந்தி ரெண்டு கோச்சும் ஒண்ணா உக்காந்தா ஊரு ஏதாவது சொல்லும்னு பயந்தாரா? பாருங்க, அப்படியும் ஊரு சொல்லிருச்சு. ஊரு என்ன ஊரு, நான்தான். உங்க அண்ணன்தான் விருதுநகர் கோச்சுன்னு ஒரு வார்த்தை யாராவது வெளிய சொல்லியிருக்கலாம்ல? யாருமே சொல்லலன்னா நான் என்னன்னு நெனைக்க? ஏன் கேக்கலன்னா? யாரைன்னு கேக்க, மறைஞ்சுல்லா நின்னேன்.

வந்த உடனே இவன் அரைஞாணைத் தொட்டுப் பாத்தேன். தாய்மாமன் சீரான்னு நானே கேட்டேன்.

இப்ப என்ன செய்யச் சொல்லுதீக? முதலாளி உங்க வீட்டுக்காரர் கிட்ட என்ன சொன்னாராம்? 'பேரில்லாதவன் ஒருத்தன் குத்தம் சொல்லியிருக்கான். அவனே பேரோட வந்து இல்லைன்னு சொன்னா ஞாயித்துக்கிழமை நீயே கோச் பெஞ்சுல உக்காரு'ன்னாரா? நல்லாத்தான் கேட்டிருக்காரு. மொதல்லயே கேட்டிருக்கலாம். இவரு பாட்டுக்கு, பேரே இல்லாத தாளை நம்பி மூணு பேரை... இல்ல, அவரைச் சொல்லி என்ன.

நான் ஒரு வழி சொல்லட்டா? கனிராஜ் கிட்டப் போங்க. கம்ப்யூட்டர்ல நல்லா அடிச்சுத் தருவான், அழகா இருக்கும். பெட்டி உங்க அண்ணன் குடுத்ததுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டா... நம்ப மாட்டாரு, ஆமா. வீட்டுக்காரி அப்படித்தான சொல்லுவான்னு சொல்லிருவாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன்.

என் நெலைமையைப் பாருங்க. நான் இதுல பேரைப் போட்டேன்னா அந்த மேனேஜரு ஒரு மணி நேரத்துல ஊரெல்லாம் சொல்லிருவாரு. நாளைக்கு இந்த ஸ்டூல்ல ஒரு ஈ உக்காராது. கேலரியில அந்தக் குடைக்கார வாத்தியாரு மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவரை ஒரு மேட்சு பூராச் சந்தேகப்பட்டேன். ஜெபமணிக்கு என்ன பதில் சொல்லுவேன்? அவரு எட்டயபுரத்துல இருந்து வந்து என் சட்டையைப் பிடிச்சா நான் என்ன சொல்ல?

திட்டிட்டாவது போங்களேன். வந்ததுல இருந்து அந்தப் பிள்ளை மாதிரியே பாத்துக்கிட்டு இருக்கீக.

மாடசாமி நேத்து அழுதான். கோச் வேணும்னு அழுதான்.

சரி. அந்தப் பேப்பரை எடுங்க. புதுப் பேப்பர். எழுதுதேன். நேரா எழுதுதேன், சாய்க்கல. 'பெறுநர், நீலக்கொடி தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி அவர்கள். பொருள், நான் முன்னர் அனுப்பிய மூன்று கடிதங்கள் குறித்து.' மூணையும் எழுதிருதேன். ஜெபமணி பேரு மொதல்ல. 'பெட்டியில் இருந்தது தாய்மாமன் சீர் அரைஞாண் என்பதை நான் நேரில் கண்டேன்'. அது நெசம்தான, கையில தொட்டே பாத்துட்டேன். 'மாடசாமிக்குத் தொடையில் உண்மையாகவே அடி'. அதையும் போடணும். 'ஐயா அவர்கள் இனிமேல் பேரில்லாத கடிதம் எதையும்'... இது வேண்டாம், அவருக்குப் புத்தி சொல்ல நான் யாரு.

முடிஞ்சது. படிச்சுப் பாருங்க.

பென்சிலா? பிள்ளை கையில இருக்கே. எதுக்கு? அட, நீங்களே குறி போடுதீகளா.

என்ன சொன்னீக?

'இந்தப் பெருக்கல் குறி போட்ட இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி'யா.

போடுதேன், போடுதேன். பேனாவை இப்படிக் குடுங்க.

ஏம்மா... முழுப் பேரும் போடணுமா, இனிஷியல் போதுமா?